பைக் சைலன்சரை வீட்டிலேயே மாற்றுவது: பெங்களூரில் முதல்முறை ஸ்பேனர் எடுப்பவர்களுக்கு

பைக்கில் நாமே செய்து பழகுவதற்கு ஏற்ற முதல் வேலைகளில் சைலன்சர் மாற்றுவதும் ஒன்று. இன்ஜினைத் திறக்க வேண்டாம், ஆயில் இறக்க வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் நாலைந்து போல்ட்டோடு வேலை முடிந்துவிடும். ஆனாலும் மாற்றிய மறுவாரமே "லீக் அடிக்குது", "கிடுகிடுன்னு சத்தம் வருது", "பிராக்கெட் விரிசல் விட்டுடுச்சு" என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முதல் போல்ட்டைப் போட்டதுமே இறுக்கிவிடுகிறார்கள். சைலன்சர் வேலையில் பலத்தைவிட வரிசை முக்கியம். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, நேராக உட்கார வைத்து, கடைசியில்தான் இறுக்க வேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

இரண்டு வகை மாற்றம் உண்டு. இன்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் டப்பாவை மட்டும் மாற்றுவது ஸ்லிப்-ஆன். பெண்ட் பைப்பையும் சேர்த்து மொத்தமாக மாற்றுவது ஃபுல் சிஸ்டம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்லிப்-ஆனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபுல் சிஸ்டம் போட்டால் ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது), எரிபொருள் மேப் (இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு) என்று வேலை நீளும். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டும் மாற்ற வேண்டி வரும். மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போய் இன்ஜின் சூடேறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்திருக்கும்.

ஸ்லிப்-ஆன் போட்டால் வண்டி பறக்கும் என்று நினைக்க வேண்டாம். பெண்ட் பைப், ஏர் ஃபில்டர், மேப் எதையும் தொடாமல் டப்பாவை மட்டும் மாற்றினால் கிடைக்கும் கூடுதல் சக்தி மிகக் குறைவு. சிக்னலிலிருந்து சிக்னலுக்கு ஓட்டும் ஓட்டத்தில் அது தெரியவே தெரியாது. உண்மையான லாபம் எடைதான். கம்பெனி சைலன்சர் தடித்த இரும்பில் பல அறைகளோடு செய்தது, கழற்றிக் கையில் வாங்கினாலே கனம் தெரியும். அதோடு, பெங்களூரு மழையில் நின்று நின்று பழைய சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், புதிது வாங்குவதற்கு அதைவிட நியாயமான காரணம் தேவையில்லை. கம்பெனி சைலன்சரையே மறுபடி வாங்கிப் போடுவதாக இருந்தாலும் கீழே வரும் வேலை முறை ஒன்றுதான்.

காசு கொடுப்பதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 190(2) பிரிவின்படி, சத்தமோ புகையோ வரம்பு மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். கர்நாடகத்தில் ஷிவமொக்காவிலும் உடுப்பியிலும், பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி மேலே ரோடு ரோலரை ஏற்றியிருக்கிறார்கள். பெங்களூரிலும் வார இறுதிச் சோதனையில் போலீஸ்காரர் குனிந்து முதலில் பார்ப்பது சைலன்சரைத்தான். தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு ஓடும் வண்டியை எப்படியும் ஓரம் கட்டச் சொல்வார்கள். அந்த நேரத்தில் சைலன்சர் உறுமினால் பேச்சு நீளும்.

சத்த வரம்பும் எழுத்தில் இருக்கிறது. 80 முதல் 175 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல். வண்டி ஓடும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கும் அளவு இது. பக்கத்தில் நின்று போனில் அளப்பதை இதோடு ஒப்பிட முடியாது. டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. கடைக்காரர் "கொஞ்சம்தான் கூடும்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். சாலையில் ஓட்டும் வண்டிக்கு, உங்கள் மாடலுக்கென்று அங்கீகாரம் பெற்ற சைலன்சரை மட்டும் வாங்குங்கள். அந்த அங்கீகாரத் தாளைக் கேட்டு வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள். சில வண்டிக் கம்பெனிகள் தங்கள் ஆக்சசரி பட்டியலிலேயே இப்படிப்பட்டவற்றை விற்கின்றன. ஐரோப்பிய முத்திரை குத்தியிருப்பது தரத்துக்கு ஒரு அடையாளம்தான், நம் ஊர் அங்கீகாரம் ஆகாது. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைக்கோ பந்தயத் தடத்தில் ஓட்டும் ட்ராக் டேக்குப் போகிறவர்கள் ட்ராக் சைலன்சரை அங்கே மட்டும் மாட்டிக்கொள்ளலாம். அல்சூர் சந்திலும் மர்பி டவுனிலும் சுவரோடு சுவர் ஒட்டித்தான் வீடுகள் இருக்கின்றன. காலை ஐந்தரைக்கு நந்தி மலைக்குக் கிளம்பும்போது எழுந்துகொள்வது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. சத்தத்தை அடக்கும் 'டிபி கில்லர்' என்ற உட்குழாயைக் கழற்றி வீசுகிற பழக்கத்தை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகை விதிக்குப் பிறகான வண்டிகளில் இது கட்டாயம் இருக்கும், ஆனால் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் வேறு. சிலவற்றில் பெண்ட் பைப்பிலோ இன்ஜினுக்கு அடியிலுள்ள பெட்டியிலோ இருக்கும். அப்படியானால் ஸ்லிப்-ஆன் போட்டாலும் அது வண்டியிலேயே இருந்துவிடும். சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். டப்பாவை மாற்றினால் அதுவும் போய்விடும், புகைச் சோதனையிலும் சிக்கல் வரும். சர்வீஸ் மேனுவலில் உள்ள பாகப் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சைலன்சருக்குள் இருக்கிற வண்டி என்றால், கன்வெர்ட்டரோடு வரும் மாற்று சைலன்சர் கிடைக்காதவரை கம்பெனி சைலன்சரே இருக்கட்டும்.

ஜே.சி. ரோட்டில் என்ன பார்த்து வாங்குவது

பெங்களூரில் வண்டிப் பாகங்கள் விற்கும் ஜே.சி. ரோட்டில் பாதிக் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். "எல்லா வண்டிக்கும் ஏறும் அண்ணா, ஒரு பட்டி வெல்டிங் வச்சா போதும்" என்று யாராவது சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். வெல்டிங் வைத்து உட்கார வைக்கும் சைலன்சர் அதிர்விலேயே பிராக்கெட்டை உடைத்துவிடும். நன்றாக வரும் பொருளோடு உங்கள் மாடலுக்கான இணைப்புக் குழாய், பிராக்கெட், கிளாம்ப், ஸ்பிரிங் எல்லாம் பெட்டியிலேயே இருக்கும்.

வீட்டிலேயே வெர்னியர் அளவுகோல் வைத்து, பெண்ட் பைப் சைலன்சருக்குள் நுழையும் இடத்தின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போங்கள். கடையில் சைலன்சர் வாயின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். 38, 51, 60 மி.மீ. எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள். ஒரு மி.மீ. தளர்வைக்கூட "கிளாம்ப் இறுக்கினா சரியாயிடும்" என்று சமாளிக்கக் கூடாது, லீக் அங்கேதான் வரும். அப்படியே உங்கள் மாடலுக்கான பேக்கிங்கையும் (இணைப்பில் லீக் வராமல் அடைக்கும் வளையம்) வாங்கிவிடுங்கள். பழைய பேக்கிங்கை மறுபடி போடுவது இந்த வேலையில் மிகச் சின்னச் சிக்கனம், மிகப் பெரிய தலைவலி.

கருவிகள்: 10, 12, 13, 14 மி.மீ. சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும், எல்-கீ செட், ரப்பர் சுத்தியல், துருவைத் தளர்த்தும் ஸ்பிரே, நைஸ் எமரித் தாள், சூடு தாங்கும் செம்பு கிரீஸ், ஸ்பிரிங் இழுக்கும் கொக்கி, சுத்தமான துணி, கையுறை, கண்ணாடி. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நண்பரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள்.

கழற்றுவது

முதல் நாள் ராத்திரியே வண்டியை நிறுத்திவிட்டு நட்டுகளுக்கெல்லாம் ஸ்பிரே அடித்து வையுங்கள். பிரேக் டிஸ்க் மேல் பட்டுவிடாமல் துணி போட்டு மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும். ஓட்டி வந்த சைலன்சர் வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் தோலை உரித்துவிடும்.

இடம் சமதளமாக இருக்கட்டும். நம் வாடகை வீடுகளில் வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் கேட்டுக்கு முன்னால் சரிவாகத்தான் இருக்கும். அங்கே சைடு ஸ்டாண்டில் வைத்து வேலை செய்ய வேண்டாம். சென்டர் ஸ்டாண்ட் அல்லது பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்ட் போடுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் கழற்றி மாட்டலாம், ஆனால் வண்டியை அங்கே ஸ்டார்ட் செய்து சோதிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

தொடுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது மதியத்துக்குள் மறந்துபோகும்.

முதலில் பெண்ட் பைப்போடு சேரும் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். அப்புறம்தான் பின் ஃபுட்ரெஸ்ட் அருகே சைலன்சரைத் தாங்கும் போல்ட். அந்த போல்ட்டை எடுக்கும்போது முழு எடையும் இறங்கும், அதனால் அடியில் துணி சுற்றிய செங்கல்லோ மரக்கட்டையோ முட்டுக் கொடுத்து வையுங்கள். நட்டு நகரவில்லை என்றால் நீளக் குழாய் மாட்டி ஒரே வேகத்தில் இழுக்காதீர்கள். மறுபடி ஸ்பிரே அடித்து, கொஞ்சம் இறுக்கிப் பிறகு தளர்த்திப் பாருங்கள். இறுக்கும் பக்கம் அரை நூல் நகர்ந்தாலே துரு உடைந்துவிடும்.

போல்ட் எல்லாம் எடுத்தும் சைலன்சர் வராமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை இடமும் வலமும் திருகித் திருகிப் பின்னால் இழுக்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டக் கூடாது. அப்படி ஆட்டினால் அந்த விசை முழுக்கப் பெண்ட் பைப் வழியாக இன்ஜின் ஹெட்டில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்டட்டுகளுக்கு (தலையில்லாத போல்ட்) போகிறது. ஒரு ஸ்டட் உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலை லேத்துப் பட்டறை வரை போய்விடும்.

ஃபுல் சிஸ்டம் மாற்றுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் வாயில் பழைய பேக்கிங் ஒரு செம்பு வளையமாக இருக்கும். பல வருடக் கரி படிந்து, அது ஹெட்டின் ஒரு பகுதி போலவே கறுத்துத் தெரியும். "பேக்கிங்கே இல்லையே" என்று நினைத்து அதன் மேலேயே புது வளையத்தை வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. டார்ச் அடித்து, கூர்மையான கொக்கியால் ஓரத்தைச் சுற்றிலும் மெல்ல நெம்புங்கள். ஒரு இடத்தில் பளிச்சென்று செம்பு நிறம் தெரியும், அங்கிருந்து வளையம் எழும்பி வரும். அலுமினிய ஹெட்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் சென்சாரைக் கழற்ற வேண்டியிருந்தால், இக்னிஷனை அணைத்து முதலில் வயர் சாக்கெட்டைப் பிரித்துவிடுங்கள். வயரோடு சேர்த்துத் திருகினால் உள்ளே அறுந்துபோகும். சென்சார் முனையில் எந்த ஸ்பிரேயும், கிரீஸும் படக் கூடாது.

மாட்டுவது

பெண்ட் பைப்பின் முனையை எமரியால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, துருவும் கரியும் போன பிறகு துணியால் துடையுங்கள். விரல் வைத்துத் தடவினால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். புது பேக்கிங்கைப் போடுங்கள். போல்ட் மரைகளில் செம்பு கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். அடுத்த தடவை கழற்றும்போது அதன் அருமை தெரியும். சூடு தாங்கும் சிலிக்கான் பசையைப் பேக்கிங்குக்குப் பதிலாக அப்பிவிடுகிறவர்கள் உண்டு. சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் அதைப் போட்டால் அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடலாம். அளவு சரியான குழாய்க்கு அது தேவையும் இல்லை.

புது சைலன்சரை எவ்வளவு ஆழம் தள்ள வேண்டும் என்பதைப் பெண்ட் பைப்பில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சைலன்சர் வாயில் நீளவாட்டில் வெட்டு இருக்கும். அந்த வெட்டு முழுவதையும் தாண்டி உள்குழாய் போயிருக்க வேண்டும். வெட்டின் ஒரு பகுதி வெற்றிடத்தின் மேல் நின்றால் காற்று அதன் வழியாகவே வெளியேறும். திருகித் திருகி உள்ளே தள்ளுங்கள், போகவில்லை என்றால் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டலாம். கிளாம்ப்பைத் தளர்வாக மாட்டுங்கள். பின் பிராக்கெட் போல்ட்டைக் கையாலேயே போடுங்கள். ஸ்பேனர் இன்னும் கீழேயே இருக்கட்டும்.

பிராக்கெட் ஓட்டையும் வண்டி ஃபிரேமின் ஓட்டையும் நேராக வரவில்லையா? சைலன்சரை இழுத்துப் பிடித்து போல்ட்டைத் திணிக்காதீர்கள். அந்த இழுவிசை அப்படியே நின்றுவிடும். சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, ஒரு மாதத்தில் பிராக்கெட்டோ வெல்டிங்கோ விரிசல் விடும். குழாயை ஒரு நூல் திருப்பியோ, ஆழத்தைச் சற்றுக் குறைத்தோ, வாஷர் வைத்தோ, ஓட்டையும் ஓட்டையும் தானாகச் சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். போல்ட் இரண்டு விரலால் சுழன்று உள்ளே போக வேண்டும். இந்த ஒரு இடத்துக்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

ஸ்பிரிங் உள்ள மாடல் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்பிரிங்கின் ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறுமுனையைக் கொக்கியால் இழுத்து மாட்டுங்கள். கொக்கி இல்லாவிட்டால் கனமான நைலான் கயிற்றை வளையமாகப் போட்டு இழுக்கலாம். இடுக்கியால் இழுத்தால் வழுக்கி முகத்துக்கு வரும்.

அப்புறம் இடைவெளி. பின்னாலிருந்து குனிந்து பாருங்கள், சைலன்சர் சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். ஒருவரை உட்கார வைத்து வண்டியை அழுத்தி அழுத்தி விடச் சொல்லி, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), பிரேக் ஹோஸ், டயர் எதிலும் உரசுகிறதா என்று பாருங்கள். பலரும் விட்டுவிடும் விஷயங்கள் இரண்டு. பல வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் மேலே மடங்கும்போது முட்டி நிற்கும் ரப்பர், பழைய சைலன்சரில்தான் இருக்கும். புதியதில் அது இல்லாவிட்டால் ஸ்டாண்ட் ஓட்டத்தில் செயினையோ டயரையோ தொடும். இன்னொன்று, பின் சக்கர அச்சு போல்ட்டை உருவ இடம் இருக்கிறதா என்பது. ராத்திரி பத்து மணிக்கு ஹோசூர் ரோட்டில் பஞ்சரானால், சைலன்சரையே கழற்றித்தான் சக்கரத்தை எடுக்க முடியும் என்ற நிலை வரக் கூடாது. பின்னால் உட்காருபவரின் குதிகால் படும் இடத்தில் வெப்பத் தகடு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அங்கே துப்பட்டாவும் படும், புடவைத் தலைப்பும் படும்.

எல்லாம் சரி என்றால் இப்போது ஸ்பேனரை எடுக்கலாம். இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள்: ஹெட் நட்டுகளைத் தொட்டிருந்தால் முதலில் அவை, மாற்றி மாற்றிக் கால் சுற்றாக, அப்புறம் கிளாம்ப், கடைசியில் பின் பிராக்கெட். பொதுவாக எம்6 போல்ட்டுக்கு (மரை 6 மி.மீ. தடிமன்) 10 நியூட்டன் மீட்டர், எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 வரை. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. முக்கியமாக ஹெட் ஸ்டட்டுக்கு இந்தப் பொது அளவைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். கிளாம்ப்பின் இரு காதுகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் மேலே இறுக்கிப் பயனில்லை. குழாய் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சைலன்சர் முழுவதையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். கைரேகை எண்ணெய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் டைட்டேனியத்திலும் சூட்டில் வெந்து நிரந்தரக் கறையாகிவிடும். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகு, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் புகை வரும். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெயும் செம்பு கிரீஸும் எரிவதுதான் அது, பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேலும் அடர்த்தியாக வந்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

லீக் பார்க்கச் சரியான நேரம், ஸ்டார்ட் செய்த முதல் அரை நிமிடம். குழாய் இன்னும் சூடாகாதபோது இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் லீக் உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். சூடான பிறகு தண்ணீர் தெளிக்கவே கூடாது. காதுக்கு 'டிக் டிக்' என்று இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து கேட்பதும் லீக்தான். சில நாள் ஓட்டிய பிறகு இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருந்தால், நீங்கள் காதால் பிடிக்காத லீக் அங்கே இருக்கிறது.

ஆக்சிலேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று வெடித்தால் அதை ரசிக்க வேண்டாம். பெரும்பாலும் இணைப்பில் வெளிக்காற்று உள்ளே போகிறது, எரியாத பெட்ரோல் குழாய்க்குள் எரிகிறது. கிளாம்ப்பையும் பேக்கிங்கையும் மறுபடி பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் முதலில் சென்சார் சாக்கெட் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கிடுகிடுவென்று அதிர்ந்தால் பிராக்கெட்டின் ரப்பர் புஷ் விடுபட்டிருக்கலாம், அல்லது டிபி கில்லரின் போல்ட் தளர்ந்திருக்கலாம்.

ஒரு சுற்று ஓட்டி, வண்டி முழுதாக ஆறிய பிறகு எல்லா போல்ட்டையும் அதே வரிசையில் ஒருமுறை சரிபாருங்கள். பேக்கிங் சூட்டில் நசுங்கி உட்காரும்போது கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை.

பழைய சைலன்சரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் நிற்காமல் நன்றாகக் காய வைத்து, மேலே எண்ணெய்த் துணியால் துடைத்து, இரு வாயையும் துணியால் அடைத்துப் பரணில் போடுங்கள். அதன் போல்ட், வாஷர், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு சைலன்சரோடேயே கட்டிவையுங்கள். வாரண்டிக்குச் சர்வீஸ் சென்டர் போகும்போதும், வண்டியை விற்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள். மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பித் தெரிவித்து, பதிலைச் சேமித்துவையுங்கள். புகைச் சான்றிதழ் இன்னும் காலாவதி ஆகாவிட்டாலும், புது சைலன்சரோடு ஒருமுறை பெட்ரோல் பங்கில் சோதனை எடுத்துவிடுங்கள்.